ராத்திரில டாக்டர் வேணும்னா: வடசென்னைல எங்க போறது, எப்படி போறது

ராத்திரி 10 மணிக்கு மேல நம்ம ஏரியால கிளினிக் ஷட்டர் எல்லாம் இறங்கிடும், மெடிக்கல் ஷாப்பும் ஒண்ணு ரெண்டு தவிர மூடிடுவாங்க, அந்த நேரம் பாத்து தான் குழந்தைக்கு ஜுரம் ஏறும், தாத்தாவுக்கு மூச்சு வாங்கும். "இந்நேரத்துக்கு எந்த டாக்டர் இருக்கப் போறாரு, விடியட்டும்"னு வீட்டுல யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க. டாக்டர் இருக்காங்க. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் நீங்க எங்க இருந்தாலும் உங்கள பாக்க ஒரு டூட்டி டாக்டர் முழிச்சிக்கினு தான் இருக்காரு, ஆனா அவருக்கு உங்கள தெரியாது, ராத்திரி வைத்தியத்துல வர்ற கஷ்டம் முக்காவாசி இந்த ஒரு விஷயத்துலேர்ந்து தான் ஆரம்பிக்குது.

முன்னாடி இங்க குடும்ப டாக்டர்னு ஒருத்தர் தெருவுக்குத் தெரு இருந்தாங்க. பழைய வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரன் டாக்டர், 2018 டிசம்பர்ல போயிட்டாரு, வியாசர்பாடி திருவேங்கடம் வீரராகவன் டாக்டர், 2020 ஆகஸ்ட்ல போயிட்டாரு, ரெண்டு பேருமே அஞ்சு ரூபா டாக்டர்னு ஜனங்க வாயில பேரெடுத்தவங்க. அவங்ககிட்ட போனா "உங்கம்மாக்கு இந்த மாத்திர ஒத்துக்காதே"ன்னு அவங்களே சொல்வாங்க, நாம ஒண்ணும் சொல்ல வேணாம். கேசுவல்ட்டில, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுல, உக்காந்திருக்குற டாக்டர் உங்க வீட்டு ஆள மொதல் தடவையா அந்த நிமிஷம் தான் பாக்குறாரு. நான் கேசுவல்ட்டில நர்ஸா பல வருஷம் நைட் டூட்டி பாத்தவ, அதனால நோயாளி வீட்டுக்காரங்க என்ன பண்ணா அந்த டாக்டருக்கு வேலை சுலபமாகும், பக்கத்துல கிளினிக் வெச்சிருக்குற டாக்டருங்க என்ன பண்ணா நல்லதுன்னு ரெண்டு பேருக்கும் சேத்தே எழுதுறேன்.

எதுக்கு 108, எதுக்கு 104

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுல 2008லேர்ந்து ஓடுது, காசு கிடையாது, 24 மணி நேரமும் வரும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நினைவு தப்புறது, பக்கவாதம், நிக்காத ரத்தம், ஆக்சிடென்ட், தீக்காயம், விஷம், அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்காத ஃபிட்ஸ், பிரசவ வலி, இதுக்கெல்லாம் யோசிக்காம அடிங்க. 104 அரசாங்கத்தோட இலவச மருத்துவ ஆலோசனை நம்பர், அதுவும் ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, "இதுக்கு ஆஸ்பத்திரி போகணுமா காலைல பாத்துக்கலாமா"ன்னு குழப்பமா இருந்தா அதுல பேசுங்க. மனசு ஒடைஞ்சு போய் ராத்திரி தூக்கமில்லாம தப்பான யோசனை வருதுன்னா 14416, டெலி மானஸ், அதுவும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

108 அடிச்சா அட்ரஸ மட்டும் சொல்லாம அடையாளம் சொல்லுங்க, "கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தாண்டை, அம்மன் கோயில் எதிர்த்தாப்ல"ன்னு. கேட் போட்டிருக்குன்னா, மழைக்கு கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்குதுன்னா அதையும் சொல்லிடுங்க, அவங்க வேற வழில வருவாங்க. கூப்பிட்ட போன்ல வேற யார்கிட்டயும் பேசிக்கினு இருக்காதீங்க, வண்டி ஓட்டுற பைலட் அந்த நம்பருக்கு தான் திருப்பி அடிப்பாரு. காசிமேடு, காலடிப்பேட்டை மாதிரி சந்து சந்தா இருக்குற இடத்துல வண்டி உள்ள வராது, அதனால ஒரு ஆள் தெருமுனைல டார்ச் காட்டிக்கினு நிக்கட்டும், இன்னொரு ரெண்டு பேர் நோயாளிய கை வெச்ச பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு சேரோட தூக்கிக்கினு வரட்டும், முக்கியமா நெஞ்சு வலிக்காரங்கள மாடிப்படில நடக்க விடாதீங்க.

நெஞ்சு வலியப் பத்தி கொஞ்சம் கூடவே சொல்லணும், ஏன்னா ராத்திரில நிறைய உயிர் இதுல போவுது, அதுவும் வீட்டுலயே நேரத்த ஓட்டிட்டு. நடு நெஞ்சு அழுத்துது, கைக்கும் தாடைக்கும் வலி போவுது, வேர்த்துக் கொட்டுது, இவ்ளோ இருந்தும் "கேஸ் ட்ரபுள் தான்"னு சோடா வாங்கிக் குடுத்து, ஓமத் தண்ணி குடுத்து, முதுக நீவி விட்டுன்னு மணிக்கணக்கா போயிடுது. சுகர் இருக்குறவங்களுக்கும் வயசான பொம்பளைங்களுக்கும் வலியே பெருசா தெரியாம வெறும் மூச்சு வாங்கல், வாந்தி, ஒரு மாதிரி அசதின்னு கூட ஹார்ட் அட்டாக் வரும். ஈசிஜி எடுக்க சில நிமிஷம் தான் ஆகும், மொதல் ஈசிஜி நல்லா இருந்தாலும் வலி இருந்தா கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப எடுப்பாங்க, அதுவரைக்கும் இருங்க. கடைசில கேஸ்னே தெரிஞ்சாலும் யாரும் திட்ட மாட்டாங்க.

பக்கவாதத்துக்கு வாய் கோணுதா, ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒண்ணு கீழ விழுதா, பேச்சு குழறுதா, இந்த மூணு பாத்தா போதும். ரத்தக் கட்டிய கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அந்த நேரத்த நீங்க பாத்த நேரத்துலேர்ந்து எண்ண மாட்டாங்க, அவர் கடைசியா நல்லா இருந்த நேரத்துலேர்ந்து தான் எண்ணுவாங்க. 11 மணிக்கு நல்லா படுத்தாரு, 3 மணிக்கு பாத்ரூம் போக எழுந்தப்போ கால் இழுத்துச்சுன்னா அத அப்படியே சொல்லுங்க. சீக்கிரம் பாக்கணும்னு "இப்ப தான் ஆச்சு சார்"னு மாத்தி சொல்லிடாதீங்க, நேரம் தப்பா போச்சுன்னா அந்த ஊசியாலயே மூளைல ரத்தம் கசியலாம்.

ஃபிட்ஸ் வந்தா கைல சாவி குடுக்காதீங்க, வாயில ஸ்பூன் விடாதீங்க, ஒருக்களிச்சு படுக்க வெச்சு மணிய பாருங்க, முடிஞ்சா போன்ல வீடியோ எடுங்க, அந்த வீடியோ டாக்டருக்கு ரொம்ப உதவும். குழந்தை மண்ணெண்ணெயோ பாத்ரூம் கழுவுற ஆசிட்டோ குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, அந்த பாட்டிலையே எடுத்துக்கினு கிளம்புங்க. சுகர்காரங்க திடீர்னு குழம்பிப் பேசுனா, வேர்த்துச்சுன்னா, முழுங்க முடியுற அளவுக்கு நினைவு இருந்தா சக்கரைத் தண்ணி குடுங்க, நினைவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க. நாய் கடிச்சா சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவணும், மஞ்சளும் மொளகாப் பொடியும் சுண்ணாம்பும் வேணாம், மொதல் ஊசிய அன்னைக்கே போட்டுடுங்க.

மூணு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அது ராத்திரியோ பகலோ உடனே ஆஸ்பத்திரி. பெரிய குழந்தைன்னா காய்ச்சல் எவ்ளோங்குறத விட பால் குடிக்குதா, தண்ணி குடிக்குதா, ஒண்ணுக்குப் போகுதா, முகம் பாத்து சிரிக்குதான்னு பாருங்க. டெங்கு சீசன்ல காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிடாதீங்க, காய்ச்சல் இறங்குற அந்த நாள்ல தான் வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் ஜில்லுன்னு ஆகுறது வரும், வந்தா ராத்திரின்னு பாக்காதீங்க. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரைய நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க.

எண்ணூர், மணலி பக்கம் இருக்குறவங்களுக்கு தனியா ஒண்ணு. 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிஞ்சப்போ தூங்கிக்கினு இருந்த ஜனம் கண்ணு எரிஞ்சு மூச்சு முட்டி ரோட்டுக்கு ஓடியாந்தாங்க. அந்த மாதிரி நெடி வந்தா ஈரத் துணிய மூக்குல வெச்சிக்கினு காத்து வர்ற திசைக்குக் குறுக்கா நடந்து விலகுங்க, கண்ண நல்ல தண்ணில கழுவிக்கினே இருங்க, ஆஸ்பத்திரில "கேஸ் நெடி, இந்த இடம், இத்தன மணி"ன்னு சொல்லுங்க, வெறும் மூச்சுத் திணறல்னு மட்டும் சொன்னா அவங்க ஆஸ்துமானு நினைச்சிடலாம்.

எந்த ஆஸ்பத்திரி

பெரிய பிரச்சினைன்னா நம்ம பக்கத்துக்கு ஸ்டான்லி தான், பெரியவங்க கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு சொல்வாங்களே அது. ஹார்ட், பக்கவாதம், விஷம், ஆக்சிடென்ட் எல்லாத்துக்கும் ராத்திரி முழுக்க கேசுவல்ட்டி உண்டு. மெஷின்ல கை மாட்டி விரல் துண்டானவங்களுக்கு ஸ்டான்லி கை அறுவை சிகிச்சைப் பிரிவு பேர் போனது, பட்டறைலயும் கம்பெனிலயும் வேலை செய்யுறவங்க இத மனசுல வெச்சிக்கோங்க: துண்டான விரல சுத்தமான ஈரத் துணில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவர ஐஸ் மேல வெச்சு எடுத்துக்கினு வாங்க, விரல நேரா ஐஸ்ல போட்டா அது கெட்டுடும், திரும்ப ஒட்ட வைக்க முடியாம போயிடும்.

பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு பிரசவ ஆஸ்பத்திரி, அங்க எந்நேரமும் அட்மிஷன் போடுவாங்க. கர்ப்பமா இருக்குறவங்க பிக்மி நம்பரையும் (கர்ப்பத்த பதிவு பண்ணப்போ குடுத்த நம்பர்) செக்கப் கார்டையும் கைப்பைலயே வெச்சிருங்க, ரத்தப் போக்கு, பனிக்குடம் உடையுறது, தலை வலியோட கண்ணு மங்குறது, குழந்தை அசைவு கொறைஞ்சது, இதுல எது வந்தாலும் மாமியார் அனுமதிக்கெல்லாம் காத்திருக்காதீங்க. குழந்தைங்களுக்கு ரொம்ப முடியலன்னா எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரி, பெரிய தீக்காயத்துக்கு கீழ்ப்பாக்கம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. கொளத்தூர், பெரம்பூர் பக்கத்துக்கு பெரியார் நகர் அரசு ஆஸ்பத்திரி இருக்கு, தண்டையார்பேட்டைல புறநகர் ஆஸ்பத்திரி இருக்கு. பக்கத்துல தனியார் ஆஸ்பத்திரி தான் இருக்குன்னா உயிர் போற நேரத்துல அதுக்குள்ளயே நுழைஞ்சிடுங்க, மொதலுதவி குடுக்காம எந்த டாக்டரும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே சொல்லியிருக்கு. ரோடு ஆக்சிடென்ட்னா இன்னுயிர் காப்போம் திட்டத்துல சேந்திருக்குற தனியார்லயும் மொதல் 48 மணி நேரம் அரசாங்க செலவு, 2021 டிசம்பர்லேர்ந்து அது இருக்கு.

சளி, ரெண்டு நாள் இருமல், பழைய முட்டி வலி, பி.பி. மாத்திர தீந்து போச்சு, இதுக்கு ராத்திரி கேசுவல்ட்டி வேணாமே. வேலைக்குப் போறவங்களுக்கு மாநகராட்சியோட நகர்ப்புற நலவாழ்வு மையம் சாயங்காலம் 4 மணிலேர்ந்து 8 மணி வரைக்கும் இருக்கு, வீட்டுக்குப் போற வழில பாத்துட்டுப் போயிடலாம், மாத்திரையும் அங்கயே குடுப்பாங்க.

கேசுவல்ட்டிக்குள்ள என்ன நடக்கும்

"நாங்க மொதல்ல வந்தோம், அவங்கள உள்ள விட்டுட்டாங்க"ங்குற சண்டை ஒவ்வொரு ராத்திரியும் நடக்கும். அங்க வந்த வரிசைக்கு பாக்க மாட்டாங்க, உயிருக்கு எவ்ளோ ஆபத்துன்னு நாடி, பி.பி., மூச்சு, ஆக்சிஜன் பாத்து சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிப்பாங்க. சிவப்பு உடனே, மஞ்சள் கொஞ்சம் பொறுத்து, பச்சை காத்திருக்கணும். உங்கள காக்க வெச்சா உங்க ஆளுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லன்னு அர்த்தம், ஆனா காத்திருக்குறப்ப நிலைமை மோசமானா சத்தம் போடாம நேரா வந்து நர்ஸ்கிட்ட "இப்ப மூச்சு அதிகமா வாங்குது, வந்து ஒரு தடவ பாருங்க"ன்னு சொல்லுங்க, அத நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம், சொல்லாம இருக்குறது தான் பயம்.

பெரிய ஆஸ்பத்திரில ஒரே கதைய நாலு பேர் கேப்பாங்க, ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்), பி.ஜி. (மேல்படிப்பு படிக்கிற டாக்டர்), அசிஸ்டென்ட் டாக்டர், அப்புறம் பெரிய டாக்டர் சீஃப்கிட்ட போன். எரிச்சலா இருக்கும் தான், ஆனா மொதல் ஆள்கிட்ட சொல்ல மறந்தது மூணாவது ஆள்கிட்ட தான் ஞாபகம் வரும், பல நேரம் அந்த ஒண்ணு தான் வைத்தியத்தையே மாத்தும். அன்னைக்கு எந்த யூனிட்டுக்கு (ஒரு சீஃபுக்குக் கீழ இருக்குற டாக்டருங்க குழு) அட்மிஷன் டேவோ, அதாவது புது நோயாளிங்கள சேக்குற நாளோ, அந்த யூனிட்ல தான் படுக்கை குடுப்பாங்க, சீஃப் காலைல ரவுண்ட்ஸ் வருவாரு. ராத்திரி 2 மணிக்கு கோவத்துல எழுதிக் குடுத்துட்டு கூட்டிக்கினு போயிடாதீங்க, அந்த ரவுண்ட்ஸ் வரைக்கும் இருங்க.

அடிதடி, ஆக்சிடென்ட், விஷம், தீக்காயம்னா ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், எப்படி அடிபட்டுச்சுன்னு எழுதுற பதிவு) போடுவாங்க, போலீசுக்கும் தகவல் போகும். அதுக்கு பயந்து "கீழ விழுந்துட்டாரு"ன்னு மாத்தி சொல்றவங்க நிறைய. எப்படி அடிபட்டுச்சுன்னு தெரிஞ்சா தான் உள்ள எங்க ரத்தம் கசியும்னு டாக்டர் தேடுவாரு, அதோட நாளைக்கு இன்சூரன்சுக்கும் கோர்ட்டுக்கும் அந்த ஏ.ஆர்.ல இருக்குறது தான் செல்லும். தற்கொலை முயற்சின்னா கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவாங்கன்னு பயந்து வீட்டுலயே வெச்சிக்காதீங்க, 2017 மனநலச் சட்டம் அவங்க கடுமையான மன உளைச்சல்ல இருந்தாங்கன்னு தான் எடுத்துக்குது, தண்டிக்கக் கூடாதுங்குது. என்ன சாப்பிட்டாங்க, எத்தன மணிக்கு, எவ்ளோ, இது மூணையும் ஒளிக்காம சொல்லுங்க.

ஒரு மஞ்சப்பைய பீரோ பக்கத்துல ரெடியா வெச்சிருங்க. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியா எடுத்த ஈசிஜி, இப்ப சாப்பிடுற மாத்திரையோட அட்டை, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, அவ்ளோ தான். மாத்திரைய டப்பாவுல கொட்டி "வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு"ன்னா யாருக்கும் புரியாது, அட்டையோட வேணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்பிடுறாங்கன்னா, எந்த ஊசி ஒத்துக்காதுன்னா ஒரு காயிதத்துல பெருசா எழுதி மேலயே வெச்சிடுங்க. பழைய ஈசிஜி எதுக்குன்னா புதுசோட ஒப்பிட்டுப் பாத்தா இந்த மாத்தம் இன்னைக்கு வந்ததா பழசான்னு அங்கயே தெரிஞ்சிடும். கூட வர்றவங்க ரெண்டு பேர் போதும், அதுல ஒருத்தர் நோயாளியோட ஒரே வீட்டுல இருக்குறவரா இருக்கணும்.

கிளினிக் நடத்துற டாக்டர்களுக்கு

எங்ககிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் "தெரு டாக்டர் ஒரு ஊசி போட்டு அனுப்புனாரு"ன்னு வருவாங்க, என்ன ஊசின்னு கேட்டா தெரியாது. டாக்டர், தயவு பண்ணி ஒரு துண்டு சீட்டு எழுதுங்க. பேர், வயசு, எப்ப ஆரம்பிச்சுது, நீங்க பாத்தப்ப பி.பி. நாடி சுகர் எவ்ளோ, என்ன மருந்து எத்தன மணிக்கு எவ்ளோ குடுத்தீங்க, நீங்க எதுன்னு சந்தேகப்படுறீங்க, உங்க போன் நம்பர். எழுத ரெண்டு நிமிஷம் ஆகுமா, ராத்திரி டாக்டருக்கு அது அரை மணி நேரத்த மிச்சம் பண்ணும். நெஞ்சு வலின்னு வந்தவங்களுக்கு இடுப்புல வலி ஊசி போட்டு அனுப்பாதீங்க, அப்புறம் நாங்க ரத்தக் கட்டி கரைக்கிற மருந்து குடுத்தா அந்த ஊசி போட்ட இடத்துல ரத்தம் கட்டிக்குது. டெங்கு சந்தேகத்துலயும் அதே தான்.

கிளினிக் மூடுறப்ப வாசல் போர்டுல ராத்திரிக்கு எங்க போகணும், 108, 104ன்னு தமிழ்ல பெருசா எழுதிப் போடுங்க, போன சும்மா ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டுப் போகாதீங்க. அன்னைக்கு சாயங்காலம் பாத்ததுல யாராவது ஒருத்தர் மேல உங்களுக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தா "இது இது வந்தா ராத்திரியே போயிடுங்க"ன்னு சீட்டுலயே எழுதிக் குடுங்க, வாயால சொன்னது வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடும்.

ராத்திரி வாட்ஸ்அப்ல பேஷன்ட் கேட்டா பதில் சொல்லலாமான்னா, 2020 மார்ச் டெலிமெடிசின் வழிகாட்டி சொல்லலாம்ங்குது, ஆனா கண்டிஷன் இருக்கு. பேஷன்ட் யாரு, எத்தன வயசுன்னு உறுதி பண்ணணும், மொதல் தடவ பாக்குறவங்களுக்கு வெறும் மெசேஜ்லயோ குரல்லயோ எழுதுற மருந்து லிஸ்ட் ரொம்ப சின்னது, வீடியோல பாத்தா இன்னும் கொஞ்சம் எழுதலாம், போதைத் தடைச் சட்டத்துல வர்ற மருந்தும் ஷெட்யூல் எக்ஸ் மருந்தும் எழுதவே கூடாது. சீட்டுல பதிவு எண் இருக்கணும், பேசுனதுக்கு ரெக்கார்ட் வெச்சிருக்கணும். எமர்ஜென்சின்னு தெரிஞ்சா மொதலுதவி சொல்லி நேர்ல போகச் சொல்லிடணும், போன்லயே பாத்துக்கலாம்னு இழுக்கக் கூடாது.

ராத்திரி வீட்டுல இறந்துட்டாங்க, சர்டிபிகேட் வேணும்னு கூப்பிடுவாங்க. நீங்க அந்த நோய்க்கு வைத்தியம் பாத்துக்கினு இருந்தவங்கன்னா நேர்ல போய்ப் பாத்து 4ஏ ஃபார்ம் (எதனால இறந்தாங்கன்னு டாக்டர் குடுக்குற சர்டிபிகேட்) குடுங்க, போன்ல கேட்டு எழுதாதீங்க, காயமோ சந்தேகமோ இருந்தா எழுதவே வேணாம், போலீசுக்குச் சொல்லிடுங்க.

நைட் டூட்டி பாக்குற சின்ன டாக்டருங்களுக்கு ரெண்டு விஷயம். கெட்ட செய்தி சொல்றதுக்கு மொதல் தடவையா போய் நிக்காதீங்க, "நிலைமை மோசமா இருக்கு, இது பண்றோம்"னு அரை மணிக்கு ஒரு தடவ ஒருத்தர் வெளிய வந்து சொல்லிக்கினே இருந்தா பாதி கலாட்டா வராது. கை ஓங்குனா ஆஸ்பத்திரி பாதுகாப்புச் சட்டம் 48/2008 இருக்கு, உடனே புகார் குடுங்க, சமாதானமா போயிடலாம்னு விடாதீங்க. காலைல டூட்டி மாத்துறப்ப "எல்லாம் ஸ்டேபிள்"னு ஒரு வார்த்தைல முடிக்காதீங்க, படுக்கை பக்கத்துல நின்னு என்ன ரிசல்ட் வரணும், இது ஆனா என்ன பண்ணணும்னு சொல்லிட்டுப் போங்க, தூக்கக் கலக்கத்துல பைக் ஓட்டாம மெட்ரோவோ ஷேர் ஆட்டோவோ புடிச்சு வீட்டுக்குப் போங்க.

அப்புறம் நோயாளி வீட்டுக்காரங்களே, ராத்திரி குடுத்த சீட்ட தூக்கிப் போட்டுடாதீங்க. ராத்திரில அப்போதைக்கு வேண்டியது மட்டும் தான் பண்ணுவாங்க, மீதி டெஸ்ட் பகல்ல ஓ.பி.ல தான். அந்த சீட்ட எடுத்துக்கினு ரெண்டு நாளுக்குள்ள உங்க தெரு டாக்டர்கிட்டயோ நலவாழ்வு மையத்துக்கோ போய்க் காட்டுங்க, மாத்திரைய மாத்தியிருந்தா பழைய அட்டைய மஞ்சப்பைலேர்ந்து எடுத்துட்டு புது அட்டைய வெச்சிடுங்க.